விருந்துல ஒருத்தர் இனவெறியா பேசுனா அங்கேயே கேக்கறதா, தனியா சொல்றதா, விட்டுடறதா?

கல்யாண பந்தி, ஆபீஸ் லஞ்ச் டேபிள், அபார்ட்மெண்ட்ல நடக்குற பொங்கல் கொண்டாட்டம்னு எங்க வேணா இது நடக்கும். பரிமாற வந்த மணிப்பூர் பையனை ஒருத்தர் "ஏ சைனா, இங்க வா"ன்னு கூப்பிடுவாரு, இன்னொருத்தர் பக்கத்து தெருவுல குடியிருக்கிற ஆப்பிரிக்க ஸ்டூடண்ட்ஸ் பத்தி வாய்க்கு வந்ததை சொல்வாரு, நாலு பேர் சிரிப்பாங்க. உங்களுக்கு சுருக்குன்னு இருக்கும். ஆனா பேசுனவர் யாரோ எவரோ இல்ல, உங்க மாமா, உங்க டீம் லீட், இல்லன்னா உங்க கூட ஸ்கூல்ல படிச்சவன். நாளைக்கும் அவர் முகத்துல முழிக்கணும். அதனாலதான் இது கஷ்டமான முடிவா இருக்கு. என்ன என்ன வழி இருக்கு, எது எங்க செல்லும், எதுக்கு என்ன விலைன்னு நான் யோசிச்சு வச்சிருக்கறதை சொல்றேன்.

"பந்தில பேசுறதுக்கெல்லாமா இவ்ளோ யோசனை"ன்னு சிலர் கேப்பாங்க. 2014 ஜனவரில டெல்லி லாஜ்பத் நகர்ல நிடோ தானியான்னு அருணாச்சல பிரதேசத்து ஸ்டூடண்ட் அடிபட்டு செத்துப்போனான். அந்த தகராறு ஆரம்பிச்சதே கடையில இருந்தவங்க அவனோட முடியையும் தோற்றத்தையும் கிண்டல் பண்ணதுலதான். அதுக்கப்புறம் வடகிழக்கு மக்கள் மத்த ஊர்கள்ல என்ன அனுபவிக்கறாங்கன்னு பாக்க மத்திய அரசு பெஸ்பருவா கமிட்டி போட்டுச்சு. 2020 மார்ச்ல கொரோனா வந்ததும் அவங்களை ரோட்டுல "கொரோனா"ன்னே கூப்பிட ஆரம்பிச்சாங்க, அதை தடுக்க சொல்லி உள்துறை அமைச்சகமே மாநிலங்களுக்கு எழுத வேண்டியதா போச்சு. இதையெல்லாம் செஞ்சவங்க ஒரு நாள்ல திடீர்னு அப்படி ஆயிடல. வீட்டுலயும் விசேஷத்துலயும் இப்படி பேசலாம், பேசுனா சிரிப்பாங்க, யாரும் ஒண்ணும் கேக்கமாட்டாங்கன்னு பழகித்தான் வந்திருப்பாங்க.

முதல்ல எல்லாரும் எடுக்கிற வழி, விட்டுடறது. நம்மள்ல பல பேர் "என் முன்னாடி எவனாவது அப்படி பேசுனா அங்கேயே கேட்டுருவேன்"னு நினைச்சுட்டு இருக்கோம். கனடாவுல செஞ்சு 2009ல வெளியான ஒரு ஆராய்ச்சி இருக்கு. ஒரு கருப்பர் வெளிய போகும்போது ஒரு வெள்ளைக்காரரை லேசா இடிச்சுட்டு போறாரு, அவர் போனதும் இந்த வெள்ளைக்காரர் அவரை மோசமான இனச்சொல்லால திட்டுறாரு. ரெண்டு பேருமே ஆராய்ச்சிக்காக நடிக்கிறவங்க, ரூம்ல இருக்கிற மூணாவது ஆளுக்குத்தான் அது தெரியாது. இப்படி நடந்தா என்ன பண்ணுவீங்கன்னு வெளிய கேட்டா பெரும்பாலானவங்க ரொம்ப கோவம் வரும், திட்டுனவரோட சேரவே மாட்டோம்னு சொன்னாங்க. நிஜமா ரூம்ல உக்காந்து பாத்தவங்களுக்கோ பெரிசா ஒண்ணும் பாதிப்பே இல்ல, அடுத்த வேலைக்கு கூட்டாளியை தேர்ந்தெடுக்க சொன்னப்போ அவங்கள்ல பாதிக்கு மேல திட்டுனவரையே எடுத்தாங்க. அந்த நேரத்துல தானா தைரியம் வரும்னு நம்பி இருக்கவே கூடாதுன்னு இதை படிச்சப்போதான் எனக்கு உறைச்சுது. என்ன சொல்லணும்னு முன்னாடியே ஒரு வரி மனசுல வச்சிருக்கணும்.

விட்டுடறது எல்லா நேரமும் தப்புன்னு சொல்லமாட்டேன். பேசுறவர் குடிச்சிருக்காரு, கை நீட்டுற ஆளுன்னு தெரியும், இல்ல நீங்க அவர் வீட்டுல தங்கி அவர் காசுல படிக்கறீங்க, அப்போ வாயை மூடிட்டு இருக்கறதுல நியாயம் இருக்கு. புதுசா கல்யாணமாகி வந்த மருமக மாமனார் பேசுறதை பந்தில வச்சு கேக்க முடியாது, அவளை கேக்க சொல்றதும் நியாயமில்ல, அங்க கேக்க வேண்டியது அந்த வீட்டு பையன்தான். ஆனா ஒண்ணு, பேச முடியலன்னா சிரிக்காமயாவது இருங்க. பேசுறவர் சுத்தி பாக்கறது முகங்களைத்தான், எல்லாரும் சிரிச்சா அவருக்கு அது சம்மதம்னுதான் அர்த்தம்.

அடுத்தது எல்லார் முன்னாடியும் கேக்கறது. இதைத்தான் ஜனங்க ரொம்ப பயப்படுறாங்க, நான் பார்த்த வரைக்கும் அதிகம் பலன் தர்றதும் இதுதான். திருப்பூர் பக்கம் ஒரு கல்யாணத்துல நேர்ல பார்த்ததை சொல்றேன். கேட்டரிங்ல சர்வீஸ் பசங்க பாதி பேர் வெளிமாநிலம். ரசம் வாளியோட ஒரு பையன் வேற வரிசைக்கு போயிட்டான், இந்த வரிசைல இருந்த ஒரு பெரியவர் "டேய் நேபாளி, நாய்க்கறி தின்னு காது அடைச்சிருச்சா"ன்னு சத்தமா கூப்பிட்டாரு. பக்கத்துல ரெண்டு பேர் சிரிச்சாங்க. எதிர்ல உக்காந்திருந்த ஒரு அக்கா, நாப்பது வயசு இருக்கும், குரலை உயர்த்தவே இல்ல, "சித்தப்பா, அப்படி பேசாதீங்க, அவர் நமக்கு சோறு போட்டுட்டு இருக்காரு"ன்னாங்க. பெரியவர் "அட சும்மா வெளையாட்டுக்குத்தானே கண்ணு"ன்னாரு. "வெளையாட்டுக்கும் வேணாம் சித்தப்பா." அவ்ளோதான், உடனே அந்த பையன் பக்கம் திரும்பி "தம்பி, இங்க கொஞ்சம் ரசம்"னு கேட்டு வாங்கி சாப்பிட ஆரம்பிச்சுட்டாங்க. சிரிச்ச ரெண்டு பேர்ல ஒருத்தர் "ஆமாங்க, விடுங்க, சின்ன பையன்"னாரு. பெரியவர் அப்புறம் அந்த பேச்சையே எடுக்கல.

அந்த அக்கா செஞ்சதை கவனிச்சு பாத்தா நிறைய இருக்கு. சித்தப்பாங்கற உறவை விடல, அந்த மரியாதைக்குள்ளேயே நின்னு வேணாம்னு சொன்னாங்க. "நீங்க ஒரு ரேசிஸ்ட்"னு பட்டம் கட்டல, அப்படி கட்டியிருந்தா அங்கருந்து பேச்சு அவர் நல்லவரா கெட்டவரான்னு திரும்பியிருக்கும், அந்த பையனை எல்லாரும் மறந்திருப்பாங்க. நீளமா கிளாஸ் எடுக்கல. பையனை நிக்க வச்சு "நீ எந்த ஊரு, உனக்கு கஷ்டமா இருந்துச்சா"ன்னும் கேக்கல, அது ரொம்ப முக்கியம். அவன் அங்க வேலைக்கு வந்திருக்கான், பின்னாடி கான்ட்ராக்டர் நின்னு பாத்துட்டு இருப்பாரு, விருந்தாளிகளுக்குள்ள அவனால பிரச்சனைன்னு ஆனா நாளைக்கு வேலை போறது அவனுக்குத்தான். நிறைய பேர் இந்த இடத்துல "அவனுக்கு தமிழ் புரியும் மாமா, மெதுவா பேசுங்க"ன்னு சொல்வாங்க, அதுவும் எனக்கு பிடிக்காது. புரியாட்டி பேசலாமா என்ன?

சிரிச்சவர்ல ஒருத்தர் பக்கம் மாறினது தற்செயல் இல்லன்னு நினைக்கிறேன். 1950கள்ல சாலமன் ஆஷ்னு ஒரு அமெரிக்க உளவியலாளர் செஞ்ச பரிசோதனை ரொம்ப பிரபலம். கோடுகளோட நீளத்தை கேட்டா கூட இருக்கறவங்க எல்லாரும் வேணும்னே தப்பா சொல்வாங்க, அதை கேட்டுட்டு நடுவுல மாட்டுன ஆளும் கிட்டத்தட்ட 3ல 1 தடவை கண்ணு முன்னாடி தெரியறதை விட்டுட்டு தப்பான பதிலுக்கே தலையாட்டினாரு. அதே கூட்டத்துல ஒரே ஒருத்தர் சரியா சொன்னா போதும், தலையாட்டறது பெரும்பகுதி நின்னு போச்சு. பந்தியிலயும் அப்படித்தான். உள்ளுக்குள்ள முகம் சுளிச்சுட்டு வெளிய சிரிக்கிறவங்க எப்பவும் ரெண்டு பேர் இருப்பாங்க, முதல் ஆள் வாயை திறக்கறதுக்குத்தான் காத்துட்டு இருப்பாங்க.

சரி, எல்லார் முன்னாடியும் சொன்னா அவர் வீம்புக்கு இன்னும் பேச மாட்டாரான்னு கேக்கலாம். அதையும் 2006ல வெளியான ஒரு ஆராய்ச்சியில சோதிச்சு பாத்திருக்காங்க. முன்முடிவோட பேசுனவங்களை தட்டிக்கேட்டப்போ, கேட்டவங்க மேல அவங்களுக்கு கோவமும் எரிச்சலும் வந்துச்சு, கடுமையா கேட்டா கோவம் இன்னும் அதிகம். ஆனா மென்மையா கேட்டாலும் கடுமையா கேட்டாலும் அப்புறம் அவங்க அந்த மாதிரி முன்முடிவோட பேசறது குறைஞ்சுது. அதாவது உங்களை பிடிக்காம போகலாம், சொன்னது மட்டும் உள்ள இறங்கும். அந்த விலையை குடுக்க தயாரா இருக்கணும், நம்ம ஊர்ல அந்த விலை நம்மகிட்டயோட நிக்காது, "உன் பையன் சபையில வச்சு மாமனை அசிங்கப்படுத்திட்டான்"னு அம்மாவுக்குத்தான் போன் வரும். அம்மாகிட்ட முன்னாடியே ஒரு வார்த்தை சொல்லி வைக்கறது நல்லது.

நேரா வேணாம்னு சொல்ல வாய் வரலன்னா கேள்வியா திருப்பலாம். "புரியல மாமா, அதுல என்ன காமெடி?"ன்னு நிஜமாவே புரியாத மாதிரி கேளுங்க. ஜோக்கை விளக்கி சொல்லணும்னு வந்தா பாதி பேர் அங்கேயே நிறுத்திடுவாங்க. போற போக்குல விடற கமெண்டுக்கு இது நல்லா வேலை செய்யும். ஆனா எதிர்ல இருக்கறவர் கையில ரெடியா ஒரு தியரி வச்சிருந்தா இது திருப்பி அடிக்கும். "வடக்கன் எல்லாம் திருடன், நம்ம வேலையை புடுங்கறான், இன்னும் பத்து வருஷத்துல பாரு"ன்னு ஆரம்பிப்பாரு, நீங்க கேட்ட கேள்வி அவருக்கு மைக் குடுத்த மாதிரி ஆயிடும். அங்க கேள்வி வேணாம், "நான் அப்படி நினைக்கல, இங்க வேணாம் இந்த பேச்சு"ன்னு மூடிட்டு மிச்சத்தை தனியா வச்சுக்கலாம்.

பேச்சை மாத்துறதை பத்தி ஒரே வரிதான், சண்டை கைகலப்பு வரைக்கும் போற மாதிரி இருந்தா செய்யுங்க, மத்தபடி அது விட்டுடறதுல இன்னொரு வகை.

தனியா கூப்பிட்டு பேசறதுன்னு சொன்னா எல்லாரும் தலையாட்டுவாங்க, பெரியவங்களுக்கு அதுதான் மரியாதைன்னு. அதுல உண்மை இருக்கு. கிரிக்கெட் பாக்கறவங்களுக்கு வெஸ்ட் இண்டீஸ் பிளேயர் டேரன் சாமி விஷயம் ஞாபகம் இருக்கும். 2020 ஜூன்ல, தான் ஐபிஎல் ஆடின டீம்ல தன்னையும் இலங்கையோட திசாரா பெரேராவையும் தோல் நிறத்தை வச்சு "காலூ"ன்னு கூப்பிட்டாங்க, அப்போ அதுக்கு என்ன அர்த்தம்னே தெரியாம கூட சேர்ந்து சிரிச்சிருக்கேன்னு வெளிப்படையா சொன்னாரு, அப்படி கூப்பிட்டவங்களை தன்னோட வந்து பேசவும் சொன்னாரு. அப்புறம் ஒரு பிளேயரோட பேசுனேன், இதை வச்சு மத்தவங்களுக்கு எப்படி புரிய வைக்கறதுன்னு பாக்கறோம்னு எழுதினாரு. முதல்ல பொதுவுல, அப்புறம் தனியாங்கற அந்த வரிசைதான் எனக்கு முக்கியமா படுது. பொதுவுல சொல்லாம விட்டிருந்தா அந்த தனி பேச்சே நடந்திருக்குமாங்கறது சந்தேகம்.

தனியா பேசறதுல ரெண்டு ஓட்டை இருக்கு. ஒண்ணு, "அப்புறம் சொல்லிக்கலாம்"னு விட்டது பெரும்பாலும் சொல்லாமலே போயிடும், அன்னிக்கு ராத்திரியே இல்ல மறுநாள் காலைல பேசலன்னா ஒரு வாரத்துல உங்களுக்கே "சரி விடு"ன்னு ஆயிடும். ரெண்டாவது, பந்தில உக்காந்திருந்த இருபது பேர் கேட்டது முதல் பேச்சை மட்டும்தான், நீங்க திண்ணைல வச்சு சொன்ன பதில் அவங்களுக்கு தெரியாது. அதுல பத்து வயசு பசங்களும் இருப்பாங்க.

ஆனா மனசு மாறணும்னா தனியாத்தான் மாறும், சபையில யாரும் "ஆமா நான் சொன்னது தப்பு"ன்னு சொல்றதில்ல. வேலையை புடுங்கறாங்கன்னு சொல்ற சித்தப்பாகிட்ட நிதானமா உக்காந்து 2023 மார்ச்ல என்ன நடந்துச்சுன்னு பேசலாம். தமிழ்நாட்டுல பீகார் தொழிலாளிங்களை அடிச்சு கொல்றாங்கன்னு பொய் வீடியோ பரவுச்சு, பயந்துட்டு நிறைய பேர் ரயில் ஏறினாங்க, அப்போ டிஜிபியா இருந்த சைலேந்திர பாபு அது பொய்னு வீடியோ போட்டு விளக்கினாரு, பீகார் அரசு ஒரு குழுவையே இங்க அனுப்பி விசாரிச்சுட்டு போச்சு. அந்த நாட்கள்ல திருப்பூர் கம்பெனிக்காரங்க ஆள் இல்லாம போயிடுமோன்னு என்ன பதட்டத்துல இருந்தாங்கன்னு நம்ம ஊர்க்காரங்களுக்கு சொல்லவே வேணாம். அதை விட நல்லா உள்ள போறது நம்ம சொந்த கதை. 1960கள்ல பம்பாய்ல சிவசேனா ஆரம்பிச்ச புதுசுல தென்னிந்தியர்களுக்கு எதிரா "பஜாவோ புங்கி, ஹடாவோ லுங்கி"ன்னு கோஷம் போட்டாங்க, தாராவில இருந்த நம்ம ஆளுங்க மதராசின்னு ஏச்சு வாங்கிட்டுத்தான் பொழைச்சாங்க. பெங்களூர்ல 1991ல காவிரி பிரச்சனையில தமிழர் வீடுங்க மேல கை வச்சாங்க, 2016 செப்டம்பர்ல தமிழ்நாட்டு பஸ்ஸுங்களை எரிச்சாங்க. குடும்பத்துல யாராவது ஒருத்தர் பம்பாய்லயோ பெங்களூர்லயோ இருந்திருப்பாரு. "பெரியப்பா அங்க இருந்தப்போ அவரை என்ன சொல்லி கூப்பிட்டாங்க?"ன்னு கேட்டு பாருங்க, அந்த கேள்விக்கு பதில் சொல்ல ஆரம்பிக்கறவர் பழைய சத்தத்துல பேச மாட்டாரு.

நாம எல்லாரும் அந்த பக்கமும் நின்னவங்கதான்னு நம்பாதவங்களுக்கு இன்னும் சமீபத்துல ஒண்ணு இருக்கு. 2017 ஏப்ரல்ல, ஆப்பிரிக்க மாணவர்கள் கிரேட்டர் நொய்டாவுல தாக்கப்பட்ட சமயம், முன்னாள் எம்பி தருண் விஜய் ஒரு டிவி விவாதத்துல, நாங்க இனவெறியா இருந்தா தமிழ்நாடு, கேரளா, கர்நாடகா, ஆந்திரான்னு தென்னிந்தியர்களோட எப்படி சேர்ந்து வாழ்வோம், எங்களை சுத்தி கருப்பர்கள் இருக்காங்களேன்னு பேசுனாரு. நமக்கு எவ்ளோ கோவம் வந்துச்சு! மணிப்பூர் பொண்ணை சைனாக்காரின்னு சொல்லும்போது அவளுக்கு வர்றதும் அதே கோவம்தான்.

நிறத்தை பத்தின பேச்சுல மட்டும் நான் மத்தவங்க சொல்றதுல இருந்து மாறுபடறேன். இதை ரேசிஸம்னு பலபேர் கணக்குலயே எடுத்துக்கறதில்ல. 2017 ஆகஸ்ட்ல அபினவ் முகுந்த், அப்போ தேசத்துக்கு டெஸ்ட் கிரிக்கெட் ஆடின பிளேயர், சின்ன வயசுல இருந்தே தோல் நிறத்தை வச்சு ஏச்சு வாங்குறேன்னு ட்விட்டர்ல எழுதினாரு, நான் சென்னைக்காரன், வெயில்ல ஆடி வளர்ந்தவன், அதுக்கு வருத்தப்படலன்னும் சொன்னாரு. 2021 நவம்பர்ல முன்னாள் இந்திய கிரிக்கெட் பிளேயர் லக்ஷ்மண் சிவராமகிருஷ்ணன், வாழ்க்கை முழுக்க நிற பாகுபாட்டை பாத்துட்டேன், அதுவும் சொந்த நாட்டுலன்னு எழுதினாரு. இவங்களுக்கே இப்படின்னா தொட்டில்ல கிடக்கிற குழந்தையை பாத்து "கருப்புதான், ஆனா களையா இருக்கா, கல்யாணத்துக்கு கொஞ்சம் கூட பவுன் சேத்து வச்சுக்கோ"ன்னு சொல்றது எங்கருந்து எங்க போகுதுன்னு பாருங்க. இந்த பேச்சுக்கு தனியா, அப்புறம், மரியாதையாங்கறதெல்லாம் செல்லாது. கேக்கற புள்ளைக்கு அஞ்சு வயசோ எட்டு வயசோ இருக்கும், நீங்க ராத்திரி அத்தைக்கு போன் போட்டு பேசுனது அவளுக்கு எப்படி தெரியும்? அவ காது கேக்க, அந்த நிமிஷமே, "அத்தை, எங்க பொண்ணு நிறத்தை பத்தி பேச வேணாம்"னு சொல்லியாகணும். அத்தை ஒரு நாள் கோச்சுக்கட்டும்.

பேச்சு வாங்குனவங்க பக்கம் போறது தனி விஷயம், மத்த எந்த வழியை எடுத்தாலும் இதையும் சேர்த்து செய்யலாம். ஆபீஸ்ல நாகாலாந்து கலீக்கை டீம் லீட் கிண்டல் பண்ணிட்டாருன்னு வைங்க, எல்லார் முன்னாடியும் அவரை கேட்டா அப்ரைசல்ல அடி விழும்னு பயம், அது நியாயமான பயம். அப்புறமா அந்த கலீக்கிட்ட போய் "நானும் கேட்டேன், அது தப்பு, நீங்க கம்ப்ளைண்ட் குடுக்கறதுன்னா நான் சாட்சி சொல்றேன், வேணாம்னா விட்டுடறேன்"னு சொல்லுங்க. முடிவு அவங்களோடதா இருக்கட்டும். அவங்களை கேக்காம நீங்களே எச்ஆருக்கு மெயில் போடாதீங்க, நீங்க எவ்ளோ வருத்தப்படறீங்கன்னு சொல்லி அவங்களே உங்களை தேத்துற நிலைமைக்கும் கொண்டு வராதீங்க.

வாட்ஸ்அப் குரூப்ல வர்ற பார்வர்டுக்கு கணக்கே வேற. 2012 ஆகஸ்ட்ல, வடகிழக்கு ஆளுங்களை அடிக்கப் போறாங்கன்னு வந்த வெறும் எஸ்எம்எஸ் வதந்தியால பெங்களூர், சென்னைல இருந்தெல்லாம் ஆயிரக்கணக்கானவங்க பொட்டி கட்டிட்டு கவுகாத்தி ரயில் ஏறினாங்க, ஒரே நேரத்துல 5 பேருக்கு மேல எஸ்எம்எஸ் அனுப்ப முடியாத மாதிரி அரசு தடையே போட்டுச்சு. அப்படிப்பட்ட பொய் செய்தின்னா குரூப்லயே "இது பொய், நம்பாதீங்க, அனுப்பாதீங்க"ன்னு போடணும், ஏன்னா அதை படிச்சவங்க எல்லாருக்கும் திருத்தம் போய் சேரணும். ஜோக், மீம்னா போட்டவருக்கே தனியா போன் பண்ணுங்க, எழுத்துல போனா பத்து ரிப்ளைல குடும்ப சண்டையா மாறிடும்.

ஆக நான் எப்படி முடிவு பண்றேன்னா, பேச்சு வாங்குறவங்களோ குழந்தைங்களோ அங்க இருந்தா அங்கேயே, ஒரே வரில, உறவு முறையை சொல்லி. அவங்க இல்லன்னாலும் கூட்டம் சிரிச்சா அப்பவும் அந்த ஒரு வரி. வாதம் பண்ற ஆளா இருந்தா மிச்சத்தை அன்னிக்கு ராத்திரியே தனியா. மேலதிகாரி, வீட்டு மாமனார் மாதிரி நம்ம கையை மீறின ஆளுன்னா அவர் சொல் கேக்கற இன்னொருத்தரை பிடிக்கறது, நம்ம குடும்பங்கள்ல அப்படி ஒரு பெரிய அத்தை கண்டிப்பா இருப்பாங்க.

"ஜோக்குக்கு கூட கோச்சுக்கற"ன்னு வந்தா "கோவமெல்லாம் இல்ல மாமா, எனக்கு பிடிக்கல, அவ்ளோதான்"னு சொல்லி நிறுத்துங்க, விளக்கம் குடுக்க ஆரம்பிச்சா அவர் அதுல ஓட்டை தேடுவாரு. "உனக்கு அவனை எவ்ளோ நாளா தெரியும், உன் மாமனை விட அவன் பெரிசா"ன்னா "ரெண்டு பேரும் பெரிசுதான்"னு சொல்லலாம். அதுக்கப்புறமும் வேணும்னே அதையே பேசிட்டு இருந்தாருன்னா இலையை மூடிட்டு எழுந்துடுங்க. கல்யாண வீட்டுக்காரங்க ஏன் பாதில எழுந்தீங்கன்னு கேட்டா வயிறு சரியில்லன்னு சமாளிக்காம நடந்ததை அப்படியே சொல்லுங்க, அடுத்த விசேஷத்துல யாரை யார் பக்கத்துல உக்கார வைக்கறதுன்னு அவங்களே பாத்துப்பாங்க.